வாட்டம் பார்த்த பிறகே வண்ணம்

கார்த்திகை பிறந்தால் என் போன் ஓயாது. பொங்கலுக்குள் வாசலைச் சரிபண்ணிவிட வேண்டும் என்ற நினைப்பு கும்பகோணம் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் வரும். வீடு முழுக்க வேலை என்று யாரும் பேச மாட்டார்கள். "திண்ணையும் முன்பக்கத் தாழ்வாரமும் மட்டும் பாத்துக் குடுங்க மேஸ்திரி, பெருசா ஒண்ணும் வேணாம்" என்பார்கள். அதே மூச்சில் பணமும் வந்துவிடும்: "பத்துக்குள்ள முடிச்சிரணும்." பத்து என்றால் பத்தாயிரம். சில வீடுகளில் அது ஐந்தாகவும் இருக்கும்.

இந்தச் சின்ன வேலைகளைப் பல கொத்தனார்கள் தொடுவதில்லை. புது வீடு என்றால் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் ஓடும். திண்ணை வேலையில் சாமான் ஏற்றி இறக்கவே பாதி நேரம் போய்விடும். அதோடு, பழைய கை செய்து வைத்ததற்குப் பக்கத்தில் நம் கை துருத்திக்கொண்டு தெரியாமல் செய்ய வேண்டும். எனக்குப் பிடித்ததே அதுதான். சித்தாளாகக் கலவை சுமந்த காலத்தில் என் மாமாவிடம் தொழில் படித்தேன். அவர் வாய் திறந்து சொல்லிக்கொடுத்தது கொஞ்சம். பழைய சுவரைக் கொத்தும்போது அதற்குள்ளே பார்த்துக் கற்றுக்கொண்டது அதிகம்.

இத்தனை வருஷத்தில் எனக்குப் பட்டது இதுதான்: பணம் கொஞ்சமாக இருந்தால் அதை முதலில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போட வேண்டும். பெயின்ட் கடைசி. ஆனால் வீட்டுக்காரர் கடையில் வண்ண அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் எனக்குப் போன் போடுவார். அங்கிருந்து அவரைத் திருப்பிக்கொண்டு வருவதே பாதி வேலை.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் ஒரு நாள் வந்து போனாலே ஆயிரத்தைந்நூறைத் தாண்டிவிடுகிற காலம் இது. பத்தாயிரத்தில் நாலு நாள் கூலி போனால், சிமென்ட், மணல், சுண்ணாம்பு, பெயின்ட் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம்தான் நிற்கும். ஆகவே சுரண்டுவது, தேய்த்துக் கழுவுவது, தண்ணீர் விட்டு ஆற்றுவது ஆகிய மூன்றையும் வீட்டு ஆட்கள் செய்துகொண்டால் நல்லது. கொத்தனாரைக் கரண்டி பிடிக்க மட்டும் கூப்பிடுங்கள்.

ஒரு வீட்டைச் சொன்னால் எல்லாம் விளங்கும். குளத்தங்கரைத் தெரு ஒன்றில், ஓய்வு பெற்ற ஆசிரியை வீடு. முன்னால் ஓட்டுச் சாய்ப்பு, இரண்டு பக்கமும் திண்ணை, நடுவில் நடை. திண்ணையின் ஒரு கோடியில் தலை வைத்துப் படுக்கச் சரிவாகக் கட்டிய திண்டு. நான்கு மரத்தூண்கள். தரை முழுக்கப் பழைய சிவப்பு ஆக்சைடு, அங்கங்கே கீறல். சுவரில் இடுப்பளவுக்கு மேலே பெயின்ட் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

"டைல்ஸ் ஒட்டிடலாமாப்பா? பக்கத்து வீட்டுல ஒட்டியிருக்காங்க, பளபளன்னு இருக்கு" என்றார்கள்.

"ஒட்டலாம் டீச்சர். மொதல்ல ஒரு வாளி தண்ணி குடுங்க, பாத்துட்டுச் சொல்றேன்."

எந்த வாசலுக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது தண்ணீர்தான். நிலைப்படி ஓரத்தில் நின்று மெதுவாகச் சாய்த்துவிட்டு உட்கார்ந்து பார்ப்பேன். அங்கே தண்ணீர் தெருப் பக்கம் போக வேண்டியது, ஒரு முழம் போய்த் தயங்கி, இடது பக்கம் ஒதுங்கி, இரண்டாவது தூணின் அடியில் குட்டையாக நின்றது. இன்னொரு கிளை சுவரோரமாகப் போய், பூச்சுக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடுக்கில் இறங்கிக் காணாமல் போனது. "தொடப்பத்தால தள்ளினாத்தான் போகும். வருஷக்கணக்கா தள்ளிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்கள் டீச்சர்.

காரணம் வாசலிலேயே இருந்தது. எங்கள் ஊர்த் தெருக்களில் பழைய தார் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு ரோடு ஏறிவிட்டது. மூன்று படி ஏறிப் போன வீடு ஒரு படிக்கு வந்துவிட்டது. மழையில் தெருத் தண்ணீர் உள்ளே வந்ததும் யாரோ நடையின் விளிம்பில் இரண்டு வரிசை செங்கல் வைத்துப் பூசி அணை கட்டியிருந்தார்கள். வெளித் தண்ணீர் நின்றது. உள்ளே கழுவுகிற தண்ணீரும், சாரலில் விழுகிற தண்ணீரும் கூட அதே அணையில் நின்றன. சுவர் பொரிந்ததும், தூணின் அடி கறுத்ததும், தரை கீறியதும் அங்கிருந்து வந்தவை. இதன் மேல் டைல்ஸ் ஒட்டினால் குட்டை டைல்ஸ் மேல் நிற்கும், அவ்வளவுதான்.

வெளி வாசலுக்கு வாட்டம் அடிக்கு இரண்டு நூல் இருக்க வேண்டும், அதாவது கால் அங்குலம். ஆறடி நடைக்கு ஒன்றரை அங்குலம். நடக்கிறவர் காலுக்கு அது தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். மட்டம் பிடிக்கக் கண்ணாடி போன்ற டியூப்பில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையிலும் பிடித்தால் போதும். அந்த வீட்டில் நடை முழுவதையும் பெயர்க்கவில்லை. தெருவோர மூன்றடிப் பட்டையை மட்டும் கொத்தி, வாட்டம் கொடுத்து, அணையின் அடியில் பிவிசி குழாய்த் துண்டு ஒன்றைச் சாக்கடைப் பக்கம் சரித்து வைத்தேன். கனமழை நாளில் அடைத்துக்கொள்ள அதற்கு ஒரு மூடி. ஒரு நாள் வேலை, ஒரு மூட்டை சிமென்டுக்கும் குறைவு. பார்வைக்கு ஒன்றும் மாறவில்லை. டீச்சர் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது.

தண்ணீருக்கு அடுத்தது தலைக்கு மேலே. ஓட்டுச் சாய்ப்பு இருந்தால் வெயில் நேரத்தில் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். ஊசி வெளிச்சம் தெரிகிற இடமெல்லாம் மழையில் சொட்டும். சீமை ஓடு என்று நாங்கள் சொல்வது மங்களூர் ஓடு. பாசல் மிஷன்காரர்கள் 1865-இல் மங்களூரில் தொழிற்சாலை வைத்துச் செய்யத் தொடங்கிய மாதிரி அது. பிறகு பல ஊர்களில் பல கம்பெனிகள் செய்தன, ஒன்றின் பள்ளம் இன்னொன்றின் மேட்டில் சரியாக உட்காராது. அதனால் மாற்று ஓடு வாங்கப் போகிறவர் உடைந்த ஓட்டில் ஒன்றைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். இடித்த வீட்டுச் சாமான் விற்கிற இடங்களில் பழைய ஓடு மலிவாகவே கிடைக்கும். சுண்டினால் கணீரென்று கேட்க வேண்டும், சொத்தையாகக் கேட்டால் உள்ளே விரிசல். நடையில் இருட்டு அடைந்திருந்தால், ஓட்டோடு ஓடாக ஒரு கண்ணாடி ஓடு வையுங்கள். வெள்ளைப் பெயின்ட் அடித்துக் கொண்டுவர நினைக்கிற வெளிச்சத்தை அந்த ஒரு ஓடு கொடுத்துவிடும்.

சுவருக்கு வருகிறேன். டெல்டாவின் பழைய வீடுகள் சின்னச் செங்கலைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டியவை. அடித்தளத்துக்கு மேலே ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு இருக்காது. மண்ணில் இருக்கிற ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறி, சுவரின் முகத்துக்கு வந்து காய்ந்துபோகும். கூட வந்த உப்பு அங்கேயே தங்கிப் படிகமாகிப் பெயின்டைத் தள்ளும். இதற்கு ஊரில் நடக்கிற வைத்தியம், கீழ் மூன்றடிக்குக் கெட்டியாகச் சிமென்ட் பூசிவிடுவது. சிமென்ட் பூச்சு ஈரத்தை வெளியே விடாது. போக வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறி, நான்காவது அடியில் பொரியும். டீச்சர் வீட்டில் நடந்தது அதுதான். பொரிவு இடுப்பளவில் ஆரம்பித்ததைப் பார்த்ததுமே கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுத்தோம். செங்கல் இடுக்குகளில் பொடியாகிப்போன சாந்தைக் கம்பியால் சுரண்டி, உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, கீழே விரித்த சாக்கில் வாரிக் குப்பையில் போட்டோம். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். பிறகு சுவரைச் சும்மா காயவிட வேண்டும். வீட்டுக்காரருக்குப் பொறுமை போகிற இடம் இது. செங்கல் தெரிய, அரைகுறையாக வாசல் நிற்கும், வருகிறவர் போகிறவரெல்லாம் கேட்பார்கள். "வேலை நின்னு போச்சா?" என்று டீச்சர் போன் பண்ணினார்கள். "நிக்கல டீச்சர், காயுது. அதுக்குக் கூலி கெடையாது" என்றேன். மார்கழிப் பனி குறைந்து வெயில் ஏறிய பிறகு, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் போட்டு அந்த இடத்தை மட்டும் சுண்ணாம்புச் சாந்தில் பூசினோம். அதற்குள் பொங்கல் போய்விட்டது. "போகட்டும், சித்திரைக்கு இருக்கட்டும்" என்று டீச்சரே சொல்லிவிட்டார்கள்.

ஏறிவரும் ஈரம் இதனால் நின்றுவிடாது. வெளியே போக வழி கிடைக்கும். உப்பு பூத்தாலும் சுண்ணாம்பில்தான் பூக்கும், தட்டிவிட்டு மறுபடி வெள்ளையடித்துக்கொள்ளலாம்.

வெள்ளையடிப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. ஐந்தாயிரம் பட்ஜெட்காரர்களுக்கு நான் சொல்வது சுண்ணாம்புதான். கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் நல்லது. டிரம்மில் முதலில் தண்ணீர், அப்புறம்தான் கட்டி. கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கொதிக்கும், தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. குழந்தைகளை அந்தப் பக்கமே விடக் கூடாது. ஒரு ராத்திரியாவது ஊறவிட்டு, பழைய வேட்டியில் வடிகட்டி, கோந்து கரைத்து விட்டு, நீர்மோர்ப் பதத்துக்கு இளக்க வேண்டும். கெட்டியாக ஒரே அடியில் அடித்தால் காய்ந்ததும் பொடியாகக் கொட்டும். சுவரை நனைத்துவிட்டு மெல்லிசாக இரண்டு, மூன்று முறை. அடிக்கும்போது ஒன்றுமே ஒட்டாத மாதிரி கலங்கலாகத் தெரியும். புதிதாகப் பார்க்கிறவர்கள் "சுண்ணாம்பு சரியில்லையோ" என்பார்கள். காற்றுப் பட்டு இறுகினால்தான் அதற்கு வெண்மை வரும், மறுநாள் காலையில் பார்த்தால் பளிச்சென்று நிற்கும்.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பல வருஷமாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் நேராக எமல்ஷன் அடித்தால் ஒரு கோடை தாண்டுவதற்குள் அப்பளமாக உரிந்து வரும். எமல்ஷன்தான் வேண்டும் என்றால் பழைய சுண்ணாம்பைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்தாக வேண்டும். அந்தக் கூலி பெயின்ட் விலையைத் தாண்டும்.

சுண்ணாம்புக்கும் ஒரு குறை உண்டு, திண்ணையில் சாய்ந்தவர் சட்டை முதுகில் வெள்ளை ஒட்டும். அதனால்தான் பழைய வீடுகளில் உட்கார்ந்தால் தலை படுகிற உயரம் வரைக்கும் வழவழப்பான பூச்சோ சிவப்பு ஆக்சைடோ ஏற்றியிருப்பார்கள். திண்ணைப் பரப்பிலிருந்து இரண்டரை, மூன்றடி அந்தப் பட்டை இருந்தால் போதும். தெருப் பார்த்த சுவரின் அடியிலும் ஒரு முழத்துக்குக் காவிப் பட்டை அடித்துவிடுவேன். மழையில் தெறிக்கிற செம்மண் சகதி அதில் தெரியாது, மேலே இருக்கிற வெள்ளையும் இன்னும் வெள்ளையாகத் தெரியும்.

இனி தரை. சிவப்பு ஆக்சைடு தரையைப் பார்த்தால் பலருக்கும் பெயர்த்து எறியத்தான் தோன்றுகிறது. நான் முதலில் குச்சியால் தட்டிப் பார்ப்பேன். கெட்டியாகக் கேட்டால் அந்தத் தரைக்கு இன்னும் ஆயுசு உண்டு. பொக்காகக் கேட்டால் மேல் தோல் அடியை விட்டுவிட்டது, அந்த இடத்தைப் பெயர்த்துத்தான் ஆக வேண்டும். டீச்சர் வீட்டுத் திண்ணை இரண்டும் கெட்டி. நடையில் அந்த மூன்றடிப் பட்டை மட்டும்தான் பொக்கு.

கெட்டியான தரைக்குச் செலவு சோப்பும் தேங்காய் நாரும்தான். ஆசிட் ஊற்றவே கூடாது. பாத்ரூம் கழுவுகிற திரவம் சிமென்டைத் தின்றுவிடும், சிவப்பு வெளுத்துச் சொரசொரப்பாகிவிடும், அப்புறம் எந்தப் பாலிஷும் பிடிக்காது. என்னோடு வருகிற சித்தாள் அக்கா அந்தத் திண்ணையை நாரால் வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே வந்தார். அழுக்கு நீர் கறுப்பாக ஓடியதற்கு அடியில், அரக்குச் சிவப்பில் ஒரு தரை வெளியே வந்தது. திண்டின் சரிவில், தலை வைத்துப் படுத்துப் படுத்துத் தேய்ந்த இடம் மட்டும் மற்ற இடத்தைவிட இரண்டு மடங்கு மின்னியது. "இதையா அண்ணே டைல்ஸ் போட்டு மூடப் பாத்தாங்க?" என்றார் அக்கா. டீச்சர் அங்கேயேதான் நின்றிருந்தார்கள். அதற்குப் பிறகு டைல்ஸ் பேச்சு எழவில்லை.

மயிரிழைக் கீறலை அப்படியே விட்டுவிடலாம். விரல் நகம் இறங்குகிற கீறலை உளியால் கொஞ்சம் அகலப்படுத்தி, நனைத்து, சிமென்டும் ஆக்சைடும் குழைத்து அடைக்க வேண்டும். புது இடம் கொஞ்ச காலம் வேறு நிறமாகத் தெரியத்தான் செய்யும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

புதிதாகப் போடுகிற இடத்துக்கு முறை இது. ஒரு சதுரம், அதாவது நூறு சதுர அடிக்கு, ஓரங்குலக் கனத்தில் ஒன்றுக்கு நாலு கலவை போட ஏறக்குறைய இரண்டு மூட்டை சிமென்ட் போகும். அந்தக் கலவை முழுக்க இறுகுவதற்குள், மூன்று பங்கு சிமென்டுக்கு ஒரு பங்கு ஆக்சைடு கலந்து சலித்த பொடியைக் குழைத்து மெல்லிசாகப் பரப்பி, இரும்புக் கரண்டியால் இழைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அழுத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். கை நின்ற இடம் திட்டாகத் தெரியும். முழுத் தரைக்கும் வேண்டிய பொடியைத் தொடக்கத்திலேயே ஒன்றாகக் கலந்துகொள்ளாவிட்டால், பாதியில் தீர்ந்து மறுபடி கலக்கும்போது நிறம் மாறிவிடும். மறுநாள் முதல் ஒரு வாரம் தண்ணீர் கட்டி வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் இந்த வேலையே வேண்டாம், மேல் தோல் சீக்கிரம் காய்ந்து வெடித்துவிடும். தையிலிருந்து பங்குனி முதல் பாதி வரை சரியான காலம்.

நன்றாகக் காய்ந்த பிறகு மெழுகுப் பாலிஷ். இல்லையென்றால் துணியில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தாலே நிறம் எழும்பும். எண்ணெய் அதிகமானால் புழுதி ஒட்டும். மெழுகைத் திண்ணையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாரல் படுகிற நடையிலும் படியிலும் போட்டால் வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள். அங்கே கரண்டி இழைப்பையே கொஞ்சம் குறைத்து, காலுக்குப் பிடிப்பு இருக்கிற மாதிரி விடுவேன்.

தரையில் பூ வேலைப்பாடு வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஆத்தங்குடிக் கல் இருக்கிறது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையை ஊற்றிக் கையால் செய்வது. வழவழப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருகிறது. நடை முழுக்கப் போடக் காசு இல்லையென்றால் நிலைப்படிக்கு முன்னால் பாய் விரித்த அளவுக்கு மட்டும் பதித்து, சுற்றிலும் சிவப்பு ஆக்சைடு விடலாம். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்.

தூண்களுக்கு வருவோம். தேக்குத் தூணின் மேல் காலங்காலமாக ஏறிய பெயின்ட் அடுக்குகளைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, லின்சீட் ஆயிலில் டர்பன்டைன் கலந்து தடவினால் போதும், மரம் தன் நிறத்துக்குத் திரும்பிவிடும். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடக் கூடாது. தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயவிட்டுத்தான் எறிய வேண்டும். தூண் தரையில் நேராக நிற்காது, கீழே ஒரு கல் இருக்கும். மரத்துக்கு ஈரம் ஏறக் கூடாது என்பதற்காக வைத்த கல் அது. பிற்காலத்தில் வந்தவர்கள் பலமாக இருக்கட்டும் என்று சுற்றிலும் சிமென்ட் வைத்து மரத்தையும் சேர்த்து அணைத்துவிடுகிறார்கள். தண்ணீர் உள்ளே இறங்கித் தங்கி, அடிமரம் உளுத்துவிடும். டீச்சர் வீட்டில் அந்தச் சிமென்டை உடைத்துக் கல்லை வெளியே கொண்டுவந்தேன். கால் நாள் வேலைதான், மரம் பிழைத்தது. இரும்புக் கிராதி இருந்தால் கம்பி பிரஷ்ஷால் துருவை எடுத்து, அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, மேலே எனாமல்.

டீச்சர் வீட்டில் கடைசியில் பெயின்ட் கடைக்குப் போன பணம் மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. ஓடு, வாட்டம், சுவர், தூணின் அடி என்று மற்றதெல்லாம் போட்டோவில் விழாத இடத்துக்குப் போனது. சொன்ன பத்தாயிரத்துக்கு மேல் போகாததற்குக் காரணம், சுரண்டுவதையும் தண்ணீர் விடுவதையும் டீச்சரும் அவர் பேரப்பிள்ளைகளும் பார்த்துக்கொண்டதுதான்.

உங்கள் வாசலுக்கும் இதே வரிசைதான். கையில் ஆயிரம், இரண்டாயிரம்தான் என்றால் சோப்பு, நார், உடைந்த ஓடு, ஒரு பூச்சு சுண்ணாம்பு. ஐந்தாயிரம் என்றால் அதோடு தண்ணீருக்கு வழி. பத்தாயிரம் இருந்தால் சுவரின் அடிப்பூச்சும் தரையில் பொக்கு விட்ட இடமும். வேலை முடிந்ததும் கையில் ஐந்நூறு மிஞ்சினால் அதற்குப் பூந்தொட்டி வாங்கிவிடாதீர்கள். புரட்டாசியில், ஐப்பசி மழை இறங்குவதற்கு முன்னால், ஏணி போட்டு நாலு ஓடு மாற்றவும் குழாயில் அடைத்த மண்ணைக் குத்தி எடுக்கவும் அது வேண்டியிருக்கும். அதை வருஷா வருஷம் செய்கிற வீட்டிலிருந்து எனக்குக் கார்த்திகையில் போன் வருவதில்லை.